செட்டியாரின் கண்

எங்கள் வீட்டுக் கொலுவில், கீழ்ப்படியின் ஓரமாக, ஒரு செட்டியாரும் அவர் மனைவியும் மளிகைக் கடை விரித்து வீற்றிருப்பார்கள். நான்கு விரற்கடை உயரமுள்ள மண் பொம்மைகள். 1962இல் மணமாகி இந்தக் கல்கத்தாவுக்கு வந்தபோது, தகரப் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே பொதிந்து என் தாயார் கொண்டுவந்தவை. (ஊரின் பெயர் கொல்கத்தா என மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் என் வாயில் பழைய பெயரே வருகிறது.)

ஆண்டுதோறும் அவற்றுக்கு அம்மாவே வண்ணம் தீட்டுவார். விளக்குக் கரியைக் கோந்து நீரில் குழைத்து, மகாளய அமாவாசையன்று கண் எழுதுவார். அதே நாளில் இங்குள்ள வங்காளிகள் துர்க்கையின் திருவுருவத்துக்குக் கண் எழுதி அதனைச் சக்ஷுதானம் என்பார்கள். அது தற்செயலாக அமைந்த ஒற்றுமையே. ஆயினும் அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

மூன்று ஆண்டுகளாக அவருக்குக் கை நடுக்கம். ஆகவே தூரிகை என் கைக்கு வந்தது.

கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கோ வேறொரு பொம்மைப் பித்து. மேலைநாட்டார் மேசைமேல் போர் விளையாடுவதற்குச் செய்யும் பிளாஸ்டிக் வீரர்களை வரவழைத்து வண்ணம் தீட்டுகிறான். ஒரு வீரன் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம். கட்டைவிரலின் மேற்கணு அளவே. ஆயினும் உற்று நோக்கினால் சட்டையின் மடிப்பும் கவசத்தின் ஆணியும் தெரிகின்றன. அதன் இரகசியத்தை ஒரு மாலை அவனிடம் கேட்டேன்.

ஆள் உயரச் சிலையில் ஆடையின் மடிப்பு தானே நிழல் தந்துகொள்ளும். சிறிய உருவத்தில் பள்ளம் ஆழமற்றது. வெளிச்சம் எங்கும் புகுந்து யாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஆதலின் நிழலையும் நாமே தீட்டவேண்டும். அதற்கு அவர்கள் கண்ட உபாயம் ‘வாஷ்’ எனப்படும் நீர்த்த வண்ணம். ரசத்தின் தெளிவுபோல் இளகிய அதனைத் தூரிகையால் தோய்த்துவிட்டால், மேட்டில் நில்லாது வழிந்து பள்ளத்தில் தங்கி உலர்கிறது. மேடு வெளிறியும் பள்ளம் இருண்டும் தோன்ற, உருவம் எழுந்து நிற்கிறது.

கேட்க எளிதாய் இருந்ததே தவிரச் செய்வது எளிதன்று. வெறும் நீரில் கரைத்தேன். துளித்துளியாய்த் திரண்டு நின்று, மேசையில் சிந்திய காப்பி உலர்வதுபோல ஓரத்தில் கறைவட்டம் கட்டிற்று. பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தில் ஒரு சொட்டுச் சேர்க்கச் சொன்னான் மகன். நீர் பிடிவாதம் தளர்ந்து பரவிற்று. மிகையாகத் தேங்கிய இடத்தை ஈரத் தூரிகையால் உடனே ஒற்றி எடுக்கவேண்டும். பாதி உலர்ந்ததைத் தொட்டால் திட்டுத் திட்டாகிவிடும். எனக்கோ கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாது. எத்தனையோ திட்டுக்கள்!

மை வேறு வகை. வாஷைவிட நிறச் செறிவு மிக்கது. உலர்ந்தபின் பளபளப்பதும் உண்டு. சாயத்தால் ஆன மைகள் பல வெளிச்சத்தில் நாளடைவில் வெளுக்கும். கரியால் ஆன இந்தியன் இங்க் வெளுக்காது. ஆனால் முகத்துக்குக் கறுப்பு ஆகாது. அழுக்குப் படிந்தாற்போல் ஆகிவிடும். செம்பழுப்பே தோலுக்கு ஏற்றது.

இவ்வளவும் கற்ற கர்வத்தோடு, நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு செட்டியாரைக் கையில் எடுத்தேன். வேட்டிக்கும் சரக்குக்கும் புதிதாய் அக்ரிலிக் வண்ணம் பூசியிருந்தேன். அவற்றின்மேல் பழுப்பு வாஷ் ஓடியதும் வேட்டி மடிப்பு மடிப்பாய் மலர்ந்தது. துவரைக் குவியலில் பருப்பு பருப்பாய்த் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில் முகத்துக்கும் ஒரு தோய்ப்பு. மறுகணம் இரு கண்களும் கரைந்து கன்னத்தில் வழிந்தன.

அக்ரிலிக் உலர்ந்தபின் நீரில் கரையாது. முகமோ நான் தொடாத பழைய முகம். அம்மா கடைசியாக எழுதிய கண்கள். கோந்தில் குழைத்த கரி. நீர் பட்டால் அது வேறென்ன செய்யும்?

“முதலில் வார்னிஷைத் தெளித்து ஒரு நாள் உலரவிட்டிருக்க வேண்டும், அப்பா” என்றான் மகன். அவனுடைய வீரன் கெட்டால் ஸ்பிரிட்டில் ஊறவைத்து உரித்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம். செட்டியாருக்கு அந்த வசதி இல்லை.

அலமாரியின் பின்புறம் அவரை ஒளித்துவைத்தேன். அமாவாசையன்று படி கட்டி முடிந்ததும், “செட்டியார் எங்கே?” என்று அம்மா கேட்டார். வேறு வழியின்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியை அணிந்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேட்டி நன்றாயிருக்கிறது. கண் போனால் என்னடா? வருஷா வருஷம் துடைத்துவிட்டுத்தானே எழுதினேன்? மூன்று வருஷமாய் எழுதாமல் விட்டதுதான் தப்பு. கொஞ்சம் கரி கொண்டுவா.”

என் மகன் தன் தூரிகைகளில் மிக நுண்ணியதைக் கொடுத்து, பாட்டியின் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டான். வலக்கண் செவ்வனே அமைந்தது. இடக்கண் சற்றுப் பெரிதாகிப்போயிற்று; வாடிக்கைக்காரர் கொடுத்த சில்லறை குறைகிறதோ என்று ஐயுறுவதுபோல் செட்டியார் இப்போது நோக்குகிறார். நன்றாக உலர்ந்தபின் இரு முறை வார்னிஷ் தெளித்தேன். முகத்துக்கு வாஷ் இடவில்லை.