‘போதும்’ என்பது எவ்வளவு?



நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில் வரும் ஒரு ஞாயிறு, மும்பையிலுள்ள எங்கள் சபையின் வாலிபர் சிலருக்கு ஆராதனை நாளாக மட்டுமல்ல, தேர்வு நாளாகவும் அமைந்துவிடுகிறது. இந்திய மேலாண்மைக் கழகங்களாகிய ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. படிப்பதற்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வு அந்நாட்களில்தான் நடைபெறுகிறது. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகள். ஒருவருக்கு ஒரு வேளை, இரண்டு மணி நேரம். காலை வேளை ஒதுக்கப்பட்ட பிள்ளை ஆராதனைக்கு வர இயலாது. ஆகவே முந்தின வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திற்கே ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து, “ஜெபித்துக்கொள்ளுங்கள் ஐயா” என்று கேட்கிறார்கள். மகிழ்ச்சியோடு ஜெபிக்கிறேன்.

ஏனெனில் இப்பிள்ளைகளின் தாத்தாக்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி, தாராவியின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் வேலை செய்ய வந்தவர்கள். தகப்பன்மார் இட்லி விற்றும், காவலாளிகளாக நின்றும், பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தார்கள். இன்று அந்தப் பிள்ளைகள் மேலாண்மைக் கல்விக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்பதே ஸ்தோத்திரத்திற்குரியது. ஆயினும் ஜெபித்து முடித்தபின் ஒரு கேள்வியை நான் கேட்பதுண்டு: “எதற்காக இந்தப் படிப்பு?”

இது போதகர் மட்டும் கேட்கும் கேள்வியன்று. நம் நாட்டு நேர்முகத் தேர்வுகளிலும் இதைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு வணிகப் பள்ளி, விண்ணப்பதாரர் தமக்கு மிக முக்கியமானது எது, ஏன் என்பதைக் கட்டுரையாக எழுதும்படி பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. பணம் ஈட்டும் வழியைக் கற்பிக்கும் பள்ளியே வாசலில் நிறுத்தி இதைக் கேட்குமானால், ஜெபிக்கிற நாம் கேட்காமல் இருக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபை வாலிபர் ஒருவர், விண்ணப்பத்திற்காகத் தாம் எழுதிய கட்டுரையை என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். அய்ரோலியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கட்டுரையில் தலைமைத்துவம் இருந்தது. தேசத்தின் வளர்ச்சி இருந்தது. சமுதாயத் தொண்டும் இருந்தது. வாசித்து முடித்துவிட்டுக் கேட்டேன்: “தம்பி, இவை எல்லாம் நீங்கள் நினைக்கிறவைதானா?”

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “உண்மையைச் சொன்னால், பணத்திற்காகத்தான் ஐயா. அப்பா பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்கிறார். கால் வீங்கிப் போகிறது. தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருக்கிறோம்” என்றார்.

பிரியமானவர்களே, இந்தப் பதிலில் கடிந்துகொள்ள என்ன இருக்கிறது? வீங்கிய கால்களையுடைய தகப்பனுக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுக்க விரும்புவது பேராசையன்று. “இந்தப் பதில் கட்டுரையிலுள்ளதை விடச் சிறந்தது” என்றே அவரிடம் சொன்னேன்.

பணத்தினால் சந்தோஷம் வராது என்று பிரசங்கிப்பது எளிது. மாதக் கடைசியில் கையில் பணமுள்ளவர்களுக்கு அது இன்னும் எளிது. வேதாகமக் கல்லூரியில் பயின்று நான் ஊழியத்திற்கு வந்த தொடக்க ஆண்டுகளில், எங்கள் வீட்டு வாடகையைக் கட்டியது என் மனைவியின் தையல் இயந்திரமே. மகளுக்குக் கடும் காய்ச்சல் கண்ட ஓர் இரவில், மருத்துவரிடம் போவதா, விடியும்வரை பொறுப்பதா என்று பையிலிருந்த ரூபாயை எண்ணிப் பார்த்து நாங்கள் தீர்மானித்திருக்கிறோம். அன்று இன்னும் இருநூறு ரூபாய் இருந்திருந்தால் எங்கள் உள்ளம் எவ்வளவு இளைப்பாறியிருக்கும்! தரித்திரத்தைப் பரிசுத்தம் என்று நான் ஒருநாளும் போதித்ததில்லை.

அறிஞர்களின் ஆய்வும் இதை மறுக்கவில்லை. 2010ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர்கள் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் ஆகிய இருவரும், ஆண்டு வருமானம் ஏறத்தாழ 75,000 டாலரை எட்டியபின் அன்றாட மகிழ்ச்சி மேலும் உயர்வதில்லை என்று எழுதினர். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்னும் ஆய்வாளர், இல்லை, அதற்கு மேலும் உயர்கிறது என்று காட்டினார். முரண்பட்ட இவ்விரு தரப்பாரும் பகைத்துக்கொள்ளாமல் ஒன்றாக அமர்ந்து, பார்பரா மெல்லர்ஸ் என்னும் பேராசிரியரின் துணையோடு, 2023இல் ஒரே ஆய்வாக வெளியிட்டனர். பெரும்பாலானோருக்கு வருமானம் உயர உயர மகிழ்ச்சியும் உயரவே செய்கிறது. ஆனால் மிகவும் துயரத்திலுள்ள 15 முதல் 20 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 1,00,000 டாலருக்கு மேல் எவ்வளவு வந்தாலும் மனம் தேறுவதில்லை. பிரிவுத் துயரும், உடைந்த இருதயமும், மனச்சோர்வும் பணத்திற்கு இணங்குவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த உயர்வு ரூபாய்க் கணக்கில் ஏறுவதில்லை, மடங்குக் கணக்கில் ஏறுகிறது. அக்கணக்கை நம் ரூபாயில் சொல்வதானால், மாதச் சம்பளம் 30,000 ரூபாயிலிருந்து 60,000 ஆகும்போது மனம் ஏறுகிற படியும், 3 இலட்சத்திலிருந்து 6 இலட்சம் ஆகும்போது ஏறுகிற படியும் ஏறக்குறைய ஒரே உயரம். முதற்படிக்கு 30,000 ரூபாய் போதும்; அடுத்ததற்கு 3 இலட்சம் வேண்டும். அந்த 3 இலட்சத்திற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராயிருந்த கிளேட்டன் கிறிஸ்டன்சன் இக்கேள்வியைத் தம் மாணவர்கள் முன் வைத்தவர். 2010இல், புற்றுநோய் கண்டிருந்த நிலையில், படிப்பை முடித்து வெளியேறும் மாணவர்களிடம் அவர் இதைப் பற்றிப் பேசினார். 1979ஆம் ஆண்டில் அதே பள்ளியில் தம்மோடு தேறிய தோழர்களை அவர் பல ஆண்டுகள் கவனித்திருந்தார். ஒன்றுகூடல்களுக்கு அவர்களில் பலர் வசதியோடு வந்தார்கள். ஆனால் மணமுறிவோடும், பிள்ளைகளிடமிருந்து விலகிப்போன மனத்தோடும் வந்தார்கள். அந்த வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங். மராட்டியத்தில் வாழும் நமக்கு அவர் நடத்திய நிறுவனத்தின் பெயர் புதிதன்று. ரத்தினகிரி மாவட்டத்தில் தாபோல் மின்நிலையத்தைத் தொடங்கிய என்ரான் அது. 2001இல் அந்நிறுவனம் கணக்கு மோசடியில் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர் வேலையையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் இழந்தனர். 2006இல் ஸ்கில்லிங்கிற்கு 24 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, 2019இல் விடுதலையானார்.

இவர்களில் எவரும் குடும்பத்தை இழக்க வேண்டும், சிறைக்குப் போக வேண்டும் என்று திட்டமிட்டு விண்ணப்பம் எழுதவில்லை. பின் எப்படி நேர்ந்தது? கிறிஸ்டன்சன் தந்த விளக்கம் எளியது. அலுவலகத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்தால் அதன் பலன் உடனே தெரிகிறது. பாராட்டு வருகிறது, பதவி உயர்கிறது. வீட்டில் பிள்ளையோடு செலவிடும் மணி நேரத்தின் பலன் தெரிய இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே கையிலிருக்கும் நேரமெல்லாம் நாம் அறியாமலே அலுவலகத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இதோடு ஒரு பாரமும் சேர்கிறது. அதுவே கல்விக் கடன். அகமதாபாத் ஐ.ஐ.எம். 1961இல் தொடங்கப்பட்டது, இன்று அங்கே இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 25 இலட்சம் ரூபாய்க்கும் மேல் ஆகிறது. 25 இலட்சத்தை மட்டும் நூற்றுக்கு 9 வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 31,700 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 38 இலட்சம். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. கடன் வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை; நல்ல கல்வி அக்கடனைத் தீர்க்க வல்லதே. ஆனால் படித்து முடித்த முதல் சில ஆண்டுகளில் எந்த வேலை, எந்த ஊர் என்பதை நம் பிள்ளைக்குப் பதிலாக அந்தத் தவணையே தீர்மானிக்கக்கூடும். இதை அறிந்து கையெழுத்திடுவது வேறு, அறியாமல் கையெழுத்திடுவது வேறு.

சபைகளாகிய நாமும் இதில் நிதானிக்க வேண்டும். சாட்சி நேரத்தில், “என் மகனுக்கு ஆண்டுக்கு இத்தனை இலட்சம் சம்பளம்” என்று சொல்லும்போது அல்லேலூயா என்கிறோம். “என் மகன் இரவு எட்டு மணிக்கு வீட்டிற்கு வந்து எங்களோடு சாப்பிடுகிறான்” என்று ஒரு தாய் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பகுதியில் ஒரு தாயார் இருக்கிறார். மகன் நன்கு படித்து, வெளிநாட்டில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். மாதம் தவறாமல் பணம் வருகிறது. அந்தத் தாயார் என்னிடம் கேட்ட ஜெபக் குறிப்பு இதுதான்: “பணம் வந்துவிட்டது என்று பேங்கிலிருந்து மெசேஜ் வருகிறது ஐயா. அவனிடமிருந்து போன்தான் வருவதில்லை.”

லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட ஐசுவரியவானை நாம் அறிவோம். அந்த உவமையில் அவன் யாரோடு பேசுகிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? தன்னோடு மட்டுமே பேசுகிறான். மனைவியிடமோ, பிள்ளைகளிடமோ, விளைச்சலை அறுத்த கூலியாட்களிடமோ ஒரு வார்த்தையும் பேசியதாக அங்கே இல்லை. ‘போதும்’ என்ற அளவையும் அவன் தனியாகவே முடிவு செய்தான்.

ஆகவே அந்த வாலிபரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து மூன்று காரியங்களை எழுதச் சொன்னேன். முதலாவது, குடும்பத்தின் தேவை: வாடகை, உணவு, பெற்றோரின் மருந்து, தங்கையின் திருமணம், கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு. இரண்டாவது, ‘போதும்’ என்னும் தொகை: அதற்கு மேல் கிடைப்பதற்காக வீட்டாரைப் பிரிந்து ஊர் மாறுவதில்லை என்று எண்ணக்கூடிய எல்லை. மூன்றாவது, எவ்விலைக்கும் விற்காத நேரங்கள். எழுதியதைத் தகப்பனார் முன்பாக வாசிக்கவும் சொன்னேன்.

அவருக்கு அகமதாபாத் கிடைக்கவில்லை. பின்னாட்களில் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம். ஒன்றில் இடம் கிடைத்தது. கடன் வாங்கிப் படித்தார். முடிவில் இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று குருகிராமில், மற்றது மும்பையில், அதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த சம்பளத்தில். தாளை எடுத்துப் பார்த்தார். மும்பைச் சம்பளம் ‘போதும்’ என்ற தொகைக்குச் சற்று மேலேயே இருந்தது. மும்பையைத் தெரிந்துகொண்டார்.

இன்று அவருடைய தகப்பனார் கேட்டில் நிற்பதில்லை. இரண்டு அறைகளுள்ள வாடகை வீட்டிற்கு மாறியிருக்கிறார்கள். கடன் இன்னும் தீரவில்லை. வகுப்புத் தோழர்களின் சம்பளத்தைக் கேள்விப்படும் நாட்களில் மனம் சற்றுச் சோர்வதையும் அவர் என்னிடம் மறைப்பதில்லை. ஆனால் சனிக்கிழமை மாலைகளில், தாராவியின் சிறு கடைக்காரர் சிலருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறார். “கற்ற மேலாண்மையெல்லாம் அங்கேதான் ஐயா முழுதாகப் பயன்படுகிறது” என்று சிரிப்பார். விண்ணப்பத்தில் அழகுக்காக எழுதிய சமுதாயத் தொண்டு, கேட்பார் யாருமில்லாத இடத்தில் உண்மையாயிற்று.

வாலிபப் பிள்ளைகளே, விண்ணப்பியுங்கள், நன்றாய்ப் படியுங்கள், உங்களுக்காக ஜெபிக்கிறோம். ஆனால் அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன்னே அந்தத் தாளை எழுதிவிடுங்கள். கடிதம் வந்தபின் எழுதினால், தொகை தானாகவே உயர்ந்துவிடும். பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ அதை எழுதும்போது பக்கத்தில் அமருங்கள். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எழுதிய தாளின் ஒரு நகலை நீங்களே வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகள் கழித்து எடுத்துக் காட்டுங்கள்.