கரைக்கு உறுதி இல்லை

ஜூலை 5, 2025, சனி

கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் ரயில் ஏறினால் இல்ஃபோர்ட், அடுத்தது மேனர் பார்க். இறங்கி ரோட்டைக் கடந்தால் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளி. யாழ்ப்பாணத்துக்கு முற்றவெளி எப்படியோ, எங்களுக்கு இது அப்படி. புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போனம். ஒரு பக்கம் கம்பு நட்டு, கயிறு கட்டி மறிச்சிருக்கு. வானம்பாடி நிலத்தில கூடு கட்டுற காலம், மார்ச்சில இருந்து ஆகஸ்ட் முடியும் வரை அப்படித்தான். காரணம் தெரியும். தெரிஞ்சும் வேலியைக் கண்டவுடன வயிற்றுக்குள்ள என்னவோ செய்யுது. ஆமி வேலி போட்டு அடைச்ச மயிலிட்டியான் நான்.

ஜூலை 6, ஞாயிறு

பேத்தி கேட்டுப்போட்டாள், ஏன் தாத்தா நேற்று கதைக்கேல்லை எண்டு. 1990 ஜூனில சண்டைக்குள்ள மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்ட கதையைச் சொன்னன். இரண்டு கிழமையில திரும்பலாம் எண்டு நினைச்சுத்தான் வெளிக்கிட்டம். ஊரைப் பிடிச்சு வைச்சிருந்த ஆமி துறைமுகப் பக்கத்தை விட்டது 2017 ஜூலை 3. இருபத்தேழு வருசம். அடுத்த வருசம் போய்ப் பார்த்தன். வீடு இருந்த இடத்தில பத்தை. அதுக்கு அழேல்லை. வலை காயப்போடுற கரையில நிண்டுதான் அழுதன். வீட்டுக்கு உறுதி இருக்கு, பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. கரைக்கு ஆரிட்ட உறுதி? எல்லாற்றையும் எண்டபடியால் பறிபோனால் கேட்கவும் ஒரு தனியாள் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

இதே தேதி, 1871. வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில நிலப்பிரபு அடைச்ச வேலியை எதிர்த்து ஆயிரக்கணக்கில கூடின கிழக்கு லண்டன் சனம், கையால பிடுங்கி முறிச்சுப்போட்டுது. அதே வருசம் லண்டன் மாநகராட்சி வழக்குப் போட்டது. என்ன உரிமையில தெரியுமோ? சுடலையால! இடுகாட்டுக்கெண்டு ஆல்டர்ஸ்புரூக் பண்ணையை வாங்கியிருந்தவை. பண்ணைக்காரனுக்கு, ஃபிளாட்ஸும் சேர்ந்த எப்பிங் காட்டில மாடு மேய்க்கிற உரிமை உண்டு. அந்த மேய்ச்சல் உரிமையைப் பிடிச்சு 1874-இல வென்று, 1878-இல எப்பிங் காடு முழுக்கப் பொதுமக்களுக்கு எண்டு சட்டமே வந்திட்டுது. இரவோட இரவா கதியாலை அரை அடி தள்ளி நட்டு, தலைமுறைக்கும் கோட்டுக்கு அலையிற எங்கட ஆக்கள் வாசிக்கவேண்டிய வழக்கு. மாடுகள் 1996 மட்டும் மேய்ஞ்சது. பிறகு மாட்டுப் பைத்திய நோய் வந்து நிண்டுபோச்சு. நான் வந்தது 1998, காணக் குடுத்து வைக்கேல்லை.



   

ஜூலை 12, சனி

ஃபிளாட்ஸுக்குத் திரும்பப் போனம். காத்துக்கு வேலிக் கயிறு ஒண்டு அவிண்டு தொங்கிக்கொண்டு கிடந்தது. உள்ளுக்கு நாயொண்டு மோந்துகொண்டு போகுது. மேல எங்கேயோ வானம்பாடி. கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும். நாய்க்காரியைக் கூப்பிட்டுச் சொன்னன், பிறகு கயிற்றை இழுத்து வலைமுடிச்சாப் போட்டன். கை மறக்கேல்லை.

மனுசி புட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டா, "வேலி கட்டவோ வந்தனீங்கள்?"