கேரவன்ல ரெண்டு லோயர் பெர்த்

ஆபீஸ்ல ஆணி புடுங்குற வேலை ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. இன்னிக்கு ஒரு குடும்பப் பிரச்சினையோட வந்திருக்கேன். வயசான தம்பதிக்கு கேரவன்ல எந்த மாதிரி படுக்கை அமைப்பு சரிப்படும்? ரெண்டு வாரமா கையில டேப்போட இதே ஆராய்ச்சிதான். வீட்ல வயசான அப்பா அம்மா இருக்குறவங்களுக்கு உதவும்னு எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. ரெண்டு பேரும் உத்திரமேரூர்லதான் இருக்காங்க. குடவோலை கல்வெட்டுல வாரியத்துக்கு நிக்கிறவங்களுக்கு 35 வயசுக்கு மேல 70 வயசுக்குள்ளன்னு இருக்கு இல்லையா, அதைச் சொல்லியே அப்பா "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குடா"ன்னு தெம்பா சுத்துவார். தெம்பு எல்லாம் பகல்லதான். ராத்திரி மூணு தடவை பாத்ரூம் போகணும். இன்சுலின் போட்டுக்கறவர், எப்பவாவது சர்க்கரை இறங்கிடும். வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். எப்படித் தெரியும்னு கேட்டா, "மூச்சு விடுற சத்தமே வேற மாதிரி இருக்கும்டா"ம்பாங்க.

அம்மாவுக்கு முட்டி. எங்க ஊர் சுந்தர வரதராஜப் பெருமாள் கோவில் தெரியும்ல? மூணு தளம். கீழ நின்ற கோலம், அதுக்கு மேல அமர்ந்த கோலம், உச்சியில கிடந்த கோலம். அம்மா இப்பல்லாம் கீழ்த்தளத்தோட சரி. மேல இருக்குற பெருமாளைச் சேவிச்சு நாலு வருஷம் ஆச்சு. "பெருமாளே அப்பர் பெர்த்ல போய் படுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

இவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை நவதிருப்பதி. தாமிரபரணிக் கரையில ஒன்பது கோவில். ஊர்லேர்ந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. ஒவ்வொரு வருஷமும் கிளம்புறோம்பாங்க, கடைசில நின்னுடும். காரணம் கோவிலும் இல்ல, காசும் இல்ல. வழியில பாத்ரூம். சுத்தமா ஒண்ணு கிடைக்காதேன்னு அம்மா பயணத்துக்கு முதல் நாள்லேர்ந்தே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. போன தடவை மதுரை போயிட்டு வந்து நீர்க்கடுப்போட ஒரு வாரம் படுத்துட்டாங்க. நம்ம ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேரோட பயணக் கதை இதுதான். நாம யாரும் கேக்குறதில்ல.

அப்பதான் கேரவன் யோசனை வந்தது. "சினிமாக்காரங்க மேக்கப் போடுற வண்டியா?"ன்னாங்க அம்மா. அதேதான், ஆனா இப்ப டூருக்கும் வாடகைக்குக் கிடைக்குது. கேரளாக்காரங்க 2021-லேயே கேரவன் டூரிசத்துக்குன்னு தனிக் கொள்கை போட்டு, அடுத்த வருஷமே வாகமண்ல கேரவன் பார்க் திறந்துட்டாங்க. சென்னையில வாடகைக்கு விடுற ஒருத்தர்கிட்ட மூணு வண்டி பார்த்தேன். மூணும் டெம்போ டிராவலர் சைஸ். மூணுலயும் ஏ.சி., டாய்லெட், குட்டி அடுப்பு எல்லாம் உண்டு. வித்தியாசம் படுக்கையிலதான்.

முதல் வண்டியில பின்பக்கம் குறுக்கால பெரிய டபுள் பெட். பார்க்க ஓட்டல் ரூம் மாதிரி ஜோரா இருந்தது. உள்ளகலத்தை அளந்தேன், 71 அங்குலம். அப்பா உயரம் 68. தலையணை வெச்சு நீட்டிப் படுத்தா காலு அந்தப் பக்கச் சுவத்துல இடிக்கும். அதை விட முக்கியமான சங்கதி, பின்னால படுக்குறவங்க எழுந்திரிக்கணும்னா முன்னால படுத்திருக்கிறவங்களைத் தாண்டித்தான் வரணும். அப்பா உள்பக்கம் படுத்தா ராத்திரி மூணு தடவை அம்மாவைத் தாண்டணும். அம்மா உள்பக்கம்னா அந்த முட்டியோட மண்டி போட்டு ஊர்ந்து வரணும். போதாக்குறைக்கு, பின்சக்கரம் பாடிக்குள்ள முட்டிக்கிட்டு நிக்கும் இல்லையா, அதுக்கு மேல பெட்டி, அதுக்கு மேல மெத்தை. தரையிலேர்ந்து 27 அங்குலம். உக்காந்தா அம்மாவுக்குக் கால் தரையில படாது.

ரெண்டாவது வண்டி பங்க் டைப். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, நடுவுல ஏணி. இதைப் பத்தி எழுதவே தேவையில்ல. பெருமாள் கதைதான்.

மூணாவதுல ரெண்டு பக்கமும் நீள சோபா, நடுவுல நடைபாதை. ராத்திரி முதுகு சாயுறதை இழுத்து விட்டா ரெண்டு தனித்தனி படுக்கை. ஒவ்வொண்ணும் 26 அங்குல அகலம், நடுவுல 19 அங்குல வழி. பார்த்ததும் "அட, இது நம்ம ரயில் ஆச்சே!"ன்னு தோணிச்சு.

நம்ம நாட்டுல வயசானவங்க ஓடுற வண்டியில படுத்துப் பழகினது ரயில்லதானே. அங்க பெரியவங்களோட போறவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: லோயர் பெர்த். தம்பதின்னா எதிரெதிர் லோயர் ரெண்டு. ஸ்லீப்பர்லயும் த்ரீ டயர்லயும் 1, 4. டூ டயர்ல 1, 3. ஸ்லீப்பர் 7-ம் நம்பர் சைடு லோயரும் கீழதான், ஆனா நடுவுல இணைக்கிற இடம் முதுகுல உறுத்தும்னு அப்பா வேணாம்பார். இதுக்குன்னே தனி கோட்டா உண்டு: 60 தாண்டின ஆண்கள், 45 தாண்டின பெண்கள். தனியாவோ ரெண்டு பேராவோ போகணும். கூட ஒரு இளவட்டத்தை அதே டிக்கெட்ல சேர்த்தா அந்தக் கோட்டா வராது. வேடிக்கை என்னன்னா, இருக்குறதுலயே காஸ்ட்லியான ஃபர்ஸ்ட் ஏ.சி.ல ரெண்டு பேருக்குன்னு இருக்கே கூப்பே, அதுல ஒண்ணு கீழ, ஒண்ணு மேல! கல்யாணமான புதுசுக்கு ஓகே. அறுபது தாண்டினா அந்தக் காசுல யாரோ ஒருத்தர் ஏணி ஏறணும்.

அப்ப ரயில்லயே போயிடலாமேம்பீங்க. எங்க ஊருக்கு ரயில் கிடையாது, செங்கல்பட்டு போய்த்தான் ஏறணும். அந்தப் பக்கம் இறங்கினாலும் ஒன்பது கோவிலுக்கும் வண்டி வேணும். பகல் பூரா பாத்ரூம் பிரச்சினை அப்படியே இருக்கும்.

இந்த ஆராய்ச்சியில எனக்குப் புரிஞ்சது ஒரே விஷயம். வயசானவங்களுக்கு படுக்கை சுகமா இல்லையாங்கிறது படுக்கும்போது தெரியாது, எழுந்திரிக்கும்போதுதான் தெரியும். நாம கடைக்குப் போனா மெத்தையை அமுக்கிப் பார்க்குறோம், அகலம் பார்க்குறோம். அவங்களுக்கு வேண்டியது யாரையும் தாண்டாம, எதையும் பிடிச்சு ஏறாம, கால் நேரா தரையில வெச்சு நிக்கிறது. அதுவும் இருட்டுல, தூக்கக் கலக்கத்துல.

அதனால வீட்ல அம்மா சுலபமா எழுந்திரிக்கிற நாற்காலியை அளந்தேன். 18 அங்குலம். மூணாவது வண்டி சோபா, மெத்தையோட சேர்த்து 19. போதும். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் படுக்க வெச்சே பார்த்தேன். வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். அப்பா அஞ்சு தடவை எழுந்து டாய்லெட் கதவு வரைக்கும் நடந்து காட்டினார். நாலே எட்டு.

அம்மாதான் படுத்துக்கிட்டே மோட்டுவளையைப் பார்த்துட்டு இருந்தாங்க. "என்னம்மா, பிடிக்கலையா?"ன்னேன். "தனித்தனியா இருக்கேடா. ராத்திரி இவருக்கு எதுனா ஒண்ணுன்னா?"ன்னாங்க. நாப்பது வருஷமா ஒரே பாய், அப்புறம் ஒரே கட்டில். எந்த லேஅவுட் படத்துலயும் இந்த விஷயம் போட்டிருக்க மாட்டாங்க. நான் பதில் யோசிக்கறதுக்குள்ள அப்பா எதிர் சோபாவுலேர்ந்து கையை நீட்டினார். அம்மா கைக்கு எட்டிச்சு. 19 அங்குலம்தானே. "சத்தம் கேக்குதா பாரு"ன்னு மூச்சை வேற பலமா இழுத்து விட்டார். அம்மா சிரிச்சுட்டாங்க. மூணாவது வண்டி முடிவாச்சு.

அப்புறம் இன்னொரு பஞ்சாயத்து: வடக்கே தலை வைக்கக் கூடாது. வீடுன்னா சரி, தினம் ஒரு ஊர்ல நிக்கிற வண்டியில? இதுக்கும் நீளப் படுக்கைதான் தோது, தலையணையை எந்தக் கோடிக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம். இல்லன்னா வண்டியையே திருப்பி நிறுத்தணும்னு அம்மா சொல்லிட்டாங்க. டிரைவர் பாவம்.

யாராவது இது மாதிரி வண்டி எடுக்குறதா இருந்தா, இதெல்லாம் பாருங்க:

1. பெரியவங்களை நேர்ல கூட்டிட்டுப் போய் படுக்க வெச்சுப் பாருங்க. போட்டோவை நம்பாதீங்க.

2. படுக்கை உயரம் அவங்க வீட்டு நாற்காலி உயரத்துக்குப் பக்கமா இருக்கணும்.

3. படுக்கையிலேர்ந்து டாய்லெட்டுக்கு நடுவுல படியோ தடுப்போ கூடாது. தரையோரம் சின்ன விளக்கு ஒண்ணு எரியணும்.

4. பிடிக்க கம்பி இருக்கான்னு பாருங்க. எழுந்திரிக்க ஒண்ணு, வாசப்படியில ஒண்ணு. வாசப்படி ரொம்ப உயரம்னா ஒரு முக்காலி எடுத்துக்கோங்க.

5. தண்ணி, மாத்திரை, குளுக்கோஸ் எல்லாம் படுத்தபடியே கைக்கு எட்டணும். இது ரெண்டு பக்கமும் வேணும்.

6. ஏ.சி. காத்து நேரா தலையில அடிக்குதான்னு பாருங்க. ராத்திரி ஏ.சி. எதுல ஓடும், வெளிக் கரண்ட்லயா ஜெனரேட்டர்லயான்னு கேளுங்க. சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும்.

7. நிறுத்துற இடம் சமமா இருக்கணும். தரையில ஒரு தண்ணி பாட்டிலைப் படுக்க வெச்சா உருளுதான்னு தெரிஞ்சிடும்.

8. கேரவன் ரயில் இல்ல. வண்டி ஓடும்போது யாரும் படுக்கக் கூடாது, சீட்ல பெல்ட் போட்டு உக்காரணும். படுக்கை, நிறுத்தினதுக்கு அப்புறம்தான். டிரைவரும் தூங்கணும்ல.

தை பொறந்ததும் கிளம்புறோம். அஞ்சு ராத்திரி. நான் முன்சீட்ல டிரைவர் பக்கத்துல, ராத்திரி லாட்ஜ்ல. அம்மா இப்பவே வண்டியில எத்தனை லிட்டர் தண்ணி டேங்க்னு விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. குடிக்கிற தண்ணி தனியா ரெண்டு கேன் வைக்கச் சொல்லியிருக்காங்க. பயணத்துக்கு அம்மா தண்ணி கேக்குறது இதுதான் முதல் தடவை.

டிஸ்கி: கூட வர்றேன்னு சொன்ன சித்தப்பாவுக்கு அந்த பங்க் வண்டிதான் காலியா இருக்கு. அவருக்கு 72. நான் இன்னும் சொல்லல.