அருவியும் வாய்க்காலும்

குற்றாலத்து அருவியின் ஓசை தொலைவிலேயே காதில் விழும். ஆனால் ஓசை வயலை நனைப்பதில்லை. சிற்றாற்று நீர் வாய்க்கால் வழியே வந்து சேர்ந்தால்தான் நாற்றுப் பிழைக்கும்.

தென்காசி வட்டாரத்தில் பீடித் தட்டை மடியில் ஏந்தி வாழ்நாளைக் கழிக்கும் பெண்களை எண்ணும்போது இவ்வுண்மை விளங்குகின்றது. பீடித் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் 1966-இல் பிறந்தது. வருங்கால வைப்புநிதித் திட்டம் 1977-இல் அத்தொழிலுக்கும் விரிவாக்கப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுவோர்க்கும் அது உரியதே என உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மேடை முழக்கங்களுக்கோ அன்றும் இன்றும் குறைவில்லை.

ஒரு மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று, நீதியான கூலியைப் பற்றி நானும் முழங்கினேன். பூசை முடிந்ததும் கைம்பெண் ஒருவர் வந்தார்.

"சாமி, இருபது வருசமா சுத்துதேன். கணக்கெல்லாம் வேற ஆள் பாஸ் புஸ்தகத்துல ஏறுது. ஓட்டுக் கேக்க வந்தவுக பாக்கோம்னாவ, சங்கத்துக்காரரும் பாக்கோம்னாவ. நீங்களாவது ஒரு மனு எழுதித் தருவியளா?"

"பார்க்கலாம், அம்மா" என்றேன். சொன்ன கணமே நாணினேன்.

திராட்சைத் தோட்டத்திற்குப் போவதாகத் தந்தையிடம் சொல்லிவிட்டுப் போகாதிருந்த மகனை நற்செய்தியில் அறிவோம். அவனை நான் அரசியல் மேடைகளிலேயே தேடி வந்தேன். அன்று என் பிரசங்க மேடையில் கண்டேன்.

அன்று மாலையே அவரோடு அமர்ந்து மனுவை எழுதினேன். அவர் பெயர் பதிவேட்டில் ஏற ஓராண்டும் பல நடையும் ஆயின.

ஆள்வோரிடமும் சங்கத் தலைவர்களிடமும் கணக்குக் கேட்பது நம் கடமை. கேட்பதோடு நில்லாமல், நம் பங்குக்கு ஒரு முழ வாய்க்காலையேனும் வெட்டுவோம்.