பதினொன்றில் ஐந்து

மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை

எந்த மலரைப் புரட்டினாலும் தன்னம்பிக்கைக் கட்டுரை இருக்கும், அம்மாவைப் பற்றிக் கவிதை இருக்கும், கூடவே ரெண்டு பக்கம் ஜோக்கும் இருக்கும். எல்லாம் வேண்டியதுதான். நான் எழுதப் போவது ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றி. அதுவும் பிடித்துப்போன கதை இல்லை. பிடித்தது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போச்சு என்கிற கதை.

குழுவின் பெயர் மெட்டாலிக்கா. 1981ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ரெண்டு பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஒருத்தர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், கிடாரும் பாட்டும். இன்னொருத்தர் டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் உல்ரிக், டிரம்ஸ். அப்போது ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 17. நம்ம வயசு! நாம் ஒர்க்‌ஷாப்பில் ராவிக்கொண்டிருக்கும் வயசில் அவர்கள் உலகத்தையே உலுக்கும் சத்தம் ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவர்கள் அறிமுகமானது 2022ல். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் நாலாவது சீசனில் ஒரு பாத்திரம் கூரைமேல் நின்று 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வாசிக்குமே, அந்தக் காட்சிதான். 1986ல் வந்த பாட்டு, 36 வருஷம் கழித்து மறுபடியும் பல நாட்டுத் தரவரிசைகளில் ஏறியது. நான் போனில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"டேய், இந்தப் பாட்டு உனக்கு எப்படிடா தெரியும்?"

"உங்களுக்கு எப்படி சித்தப்பா தெரியும்?"

அவ்வளவுதான். பரண்மேல் இருந்த தகரப்பெட்டி கீழே இறங்கியது. உள்ளே கேசட்டுகள், நாலைந்து சிடிக்கள். சித்தப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் என்றால் நான் அவர் கடையில்தான். அவர் காயில் சுற்றுவார், நான் வார்னிஷ் வாசனையில் உட்கார்ந்து பாட்டுப் போடுவேன். வீட்டில் யாரோடும் பேசாத விஷயமெல்லாம் அந்தக் கடையில் பேசியிருக்கிறோம்.

மெட்டாலிக்கா இதுவரை வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் மொத்தம் 11. 1983ல் முதலாவது, 2023ல் பதினொன்றாவது. வரிசையாகக் கேட்டே தீருவது என்று உட்கார்ந்தேன். சித்தப்பா மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து கேட்டதை நான் ஒரே செமஸ்டரில் கேட்டு முடித்தேன். அதனால்தானோ என்னவோ, மலையிலிருந்து இறங்குகிற பாதை எனக்கு ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

முதல் ஐந்து

1983, 1984, 1986, 1988, 1991. இந்த ஐந்தையும் பற்றி எனக்குப் புகார் இல்லை. குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் அவர்கள் போன பஸ் கவிழ்ந்து பேஸ் கிடார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவருக்கு வயசு 24. மற்றவர்களுக்கு இசை இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டட் வந்தார். 1988 ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள், அவர் வாசித்த பேஸ் காதில் விழவே விழாது. மிக்ஸிங்கில் அந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பெரிய குறை. ஆனாலும் அந்த ஆல்பம் என்னைத் தூங்க விடவில்லை. அதில் ஒரு பாட்டு, போரில் கை, கால், கண், காது எல்லாம் போய் உயிர் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு சிப்பாயைப் பற்றியது. டால்டன் ட்ரம்போ 1939ல் எழுதிய நாவலிலிருந்து எடுத்த கரு. அதைக் கேட்ட ராத்திரி நான் லைட்டை அணைக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். முதல் நாலு ஆல்பத்திலும் பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் வாசிக்கும் உருப்படி ஒன்றாவது இருக்கும். 1988க்குப் பிறகு அப்படி ஒன்று வர 2008 வரை ஆனது. இருபது வருஷம்!

1991ல் வந்த கறுப்பு அட்டை ஆல்பம்தான் அதிகம் விற்றது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். வேகம் குறைந்தது, பாட்டுகள் சின்னதாயின. பழைய ரசிகர்களில் ஒரு பகுதி அப்போதே கோபித்துக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. எளிமையாக இருந்தாலும் அதில் கனம் இருந்தது.

டின் சத்தமும் தட்டையான தலையும்

1996ல் 'லோட்', 1997ல் 'ரீலோட்'. நீளமுடியை வெட்டிக்கொண்டு, ப்ளூஸ் பக்கம் சாய்ந்து, வேறு ஆட்களாக வந்தார்கள். மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாறின இடத்தில் எனக்கு உட்கார நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

2003ல் 'செயின்ட் ஆங்கர்'. ஸ்நேர் டிரம்முக்கு அடியில் கம்பிச்சுருள் வரிசை ஒன்று இருக்கும், அது தோலோடு ஒட்டி அதிர்வதால்தான் அந்தச் 'சடக்' சத்தம் வருகிறது. இந்த ஆல்பத்தில் அதைத் தளர்த்திவிட்டு வாசித்தார் லார்ஸ். விளைவு? காலி எண்ணெய் டின்னைத் தட்டுகிற மாதிரி 75 நிமிஷம். கிடார் சோலோ ஒன்றுகூடக் கிடையாது. குழுவே உடையும் நிலையில், ஜேம்ஸ் குடிப்பழக்க சிகிச்சைக்குப் போய் வந்த காலத்தில் செய்த ஆல்பம் அது. அந்த வேதனை உண்மையானது என்று தெரிகிறது. ஆனால் உண்மையாக இருப்பதும் காதுக்குள் போவதும் ஒன்றில்லையே!

2008ல் 'டெத் மேக்னெட்டிக்'. பழைய பாணிக்குத் திரும்பினார்கள் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். சித்தப்பாவும் ஆசையாக சிடி வாங்கியிருக்கிறார். கேட்டால் அரைமணி நேரத்தில் காது களைத்துப்போகிறது. ஏன்? அந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு அலைவடிவத்தைப் பார்த்தேன். பக்கத்திலேயே 1986 சிடி. பழையதில் மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் மாதிரி இருக்கிறது. புதியதில் தலையைச் சீவின செங்கல் மாதிரி ஒரே தட்டை.

லேபில் 741 ஐசி வைத்து ஆம்ப்ளிஃபையர் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை கொடுத்துவிட்டு கெயினை ஏற்றிக்கொண்டே போனால், சிஆர்ஓ திரையில் சைன் அலையின் தலை தட்டையாகிவிடும். சப்ளையைத் தாண்டி அவுட்புட் போக முடியாது. வைவாவில் 'கிளிப்பிங்' என்று பதில் சொல்லி மார்க் வாங்கினோம். சிடியிலும் அதே கதைதான். 16 பிட் என்றால் 65,536 படிகள். கடைசிப் படிக்கு மேல் ஏற இடமில்லை. எல்லாப் பாட்டையும் மற்றவர்களைவிட உரக்க ஒலிக்க வைக்க வேண்டும் என்று உச்சத்துக்குத் தள்ளினால் தலை வெட்டுப்படும். அதே பாட்டுகள் கிடார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் தெளிவாக ஒலித்ததை ரசிகர்கள் கண்டுபிடித்து, மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள்.

அடிஷனல் ஷீட்

இதையும் பாருங்கள். 1984 ஆல்பம் 47 நிமிஷம். 1986 ஆல்பம் 54 நிமிஷம். 'லோட்' 79 நிமிஷம்! அதற்குப் பிறகு எல்லாமே முக்கால் மணி நேரத்தைத் தாண்டி ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பக்கத்தில்தான். இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் போல்தான் நல்ல தரத்தில் பிடிக்கும். இடம் இல்லாததால் எதை வைப்பது, எதை எடுப்பது என்று யோசித்தே ஆகவேண்டும். சிடியில் 80 நிமிஷம்வரை இடம் இருக்கிறது. இடம் இருந்ததால் நிரப்பினார்கள்.

நம் பரீட்சை ஹாலில் பார்த்ததில்லையா? சில பேர் அடிஷனல் ஷீட் வாங்கிக்கொண்டே இருப்பான். தைக்கிற நூல்தான் தீரும், மார்க் ஏறாது.

வயசா, பாட்டா?

"மாப்ளே, ஃபேன்னா கடைசி வரைக்கும் நிக்கணும்டா. படம் ஓடலன்னா விட்டுட்டுப் போறவன் ஃபேனா?" என்றான் என் ரூம்மேட். அவன் தலைவர் படம் எப்படி இருந்தாலும் முதல் நாள் முதல் காட்சி பார்ப்பவன். அவனிடம் அலைவடிவமெல்லாம் எடுபடாது.

ஆனால் அவன் கேள்வி என்னை அரித்தது. முதலில் கேட்டது என்பதால்தான் பழசு இனிக்கிறதோ? சித்தப்பாவுக்கு அது பள்ளிக்கூட ஞாபகம். எனக்கு அப்படி எந்த ஞாபகமும் கிடையாது; பதினொன்றும் ஒரே வருஷத்தில் கேட்டவை. இருந்தாலும் சோதித்துப் பார்ப்போம் என்று, இந்தக் குழுவையே தெரியாத ஹாஸ்டல் ஜூனியர் ஒருத்தனுக்குத் தலைகீழாகப் போட்டேன். முதலில் 2016 ஆல்பம். "சூப்பர்ணா!" என்றான். மறுநாள் 1986 ஆல்பம். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணா, நேத்து கேட்டது இதைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு." ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ரெண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது. முந்தைய பாட்டுகள் போரைப் பற்றி, மின்சார நாற்காலியைப் பற்றி, போதையைப் பற்றிப் பேசின. பிந்தையவை முந்தைய பாட்டுகளைப் பற்றிப் பேசின.

இதில் எனக்குத் தனிப்பட்ட ஏமாற்றம் ஒன்றும் உண்டு. 2023 ஏப்ரலில் வந்த பதினொன்றாவது ஆல்பத்தின் பெயர் '72 சீசன்ஸ்'. வருஷத்துக்கு நாலு பருவம். 72 பருவம் என்றால் 18 வருஷம். ஒரு மனுஷனின் முதல் 18 வருஷம் அவனை எப்படி உருவாக்குகிறது என்பதுதான் கரு. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. என் 72 பருவத்தைப் பற்றி என் குழு பாடப்போகிறது! கேட்டேன். குறை சொல்ல முடியாத வாசிப்பு, சுத்தமான பதிவு. மூணு தடவை கேட்டேன். என்னைக் காணோம். அறுபதை நெருங்கியவர்கள் தங்கள் பதினெட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அது அவர்களுடைய பதினெட்டு. 1983 ஆல்பத்தில் பதினெட்டைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை. ஆனால் அதில்தான் நான் இருக்கிறேன். என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாத அவசரம் அதில் இருக்கிறது.

சித்தப்பா சொன்னது

இதைச் சித்தப்பாவிடம் சொல்லத் தயங்கினேன். பாட்டு போனால் சனிக்கிழமையும் போய்விடுமோ என்ற பயம். ஒருநாள் சொல்லியே விட்டேன். அவர் காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"நான் 96லயே இறங்கிட்டேன்டா. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு 'லோட்' கேசட் வாங்கினேன். ரெண்டு பக்கமும் கேட்டேன். அப்புறம் பெட்டியில வெச்சதுதான்."

"அப்புறம் எதுக்கு சித்தப்பா 2011ல பெங்களூர் போனீங்க?"

2011 அக்டோபர் 30ஆம் தேதி பெங்களூர் பேலஸ் மைதானத்தில் மெட்டாலிக்கா வாசித்தது. சித்தப்பா கடையை மூடிவிட்டு, அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே போனவர்.

"புதுசு பிடிக்கலன்னா பழசு பொய்யாயிடுமா? நான் கடன் தீர்க்கப் போனேன்டா. அந்த அஞ்சு கேசட் எனக்குக் கொடுத்ததுக்கு ஒரு தடவை நேர்ல போய்க் கை தட்டணும்ல?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "மோட்டாரை நான் அதே கேஜ் கம்பி, அதே சுத்து போட்டுத்தான் தர்றேன். ஆனா கோர் ஒரு தடவை சூடேறி எரிஞ்சிருந்தா லாஸ் கூடத்தான் செய்யும். ஓடும். முன்ன மாதிரி ஓடாது. அதுக்காக மோட்டார் மேல கோபப்படுவியா?"

நண்பர்களே, நான் கோபப்படவில்லை. ரூம்மேட் சொல்கிற மாதிரி விட்டுக்கொடுக்காமல் நிற்கிறேன் என்று நடிக்கவும் இல்லை. பிடிக்காததைப் பிடிக்கிறது என்று சொன்னால், பிடித்ததைப் பிடிக்கிறது என்று சொன்னதற்கும் மதிப்பு போய்விடும். அவர்கள் எனக்கு ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. பதினொன்றில் ஐந்து கொடுத்தார்கள். ஐந்துமே நூற்றுக்கு நூறு. அந்தக் கணக்கில் தேறினவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

அந்த முதல் ஐந்தில் நாலை முடித்தபோது அவர்களுக்கு 26 வயசுகூட நிறையவில்லை என்பதை மட்டும் இந்த வருஷம் வெளியே போகும் நம்ம செட் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். கையில் காசும் நேரமும் இடமும் குறைவாக இருக்கும் காலம் நமக்கு இப்போதுதான் நடக்கிறது.

பன்னிரண்டாவது ஆல்பம் வந்தால் கேட்பாயா என்கிறீர்களா? கேட்பேன். ஒரு சனிக்கிழமை, கடையில், சித்தப்பாவோடு, ஒரே ஒரு தடவை முழுசாக. பிடித்தால் கணக்கை ஆறாக்கிக்கொள்வோம்.