தாம்பரத்து மழையும் கோவளத்துக் காலாவும்

தாம்பரவாசி ஒருவரைப் பார்த்து, "உமக்கும் ஸமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால், "யாதொரு சம்பந்தமும் இல்லை" என்றுதான் பதில் சொல்லுவார். அதில் நியாயமும் இருக்கிறது. தாம்பரத்துக்குப் பெருமை தருபவை இரயில் நிலையமும், ஆகாய விமானப் படைத்தளமும், 1937-ம் வருஷத்தில் பட்டணத்தின் சந்தடியை விட்டு இங்கே குடிவந்த கிறிஸ்துவக் கலாசாலையுமே. கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. ஆகவே, 'கடற்கரை' என்றால் இரயில் புறப்படும் இடம் என்றே இவ்வூர்க் குழந்தைகள் நினைத்துக் கொண்டால் அதில் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஆனாலும் சம்பந்தம் இருக்கிறது. அதை ஏற்படுத்தி வைத்திருப்பது மழை. மேற்குத் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்தில் பெய்யும் மழை அடையாற்றில் சேர்ந்து, நகரத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஊரூர் குப்பத்தின் அருகே கடலில் விழுகிறது. கிழக்குப் பக்கத்து மழையோ வேறு வழியாகப் பிரயாணம் செய்கிறது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளில் தங்கித் தங்கி வழிந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்குகிறது. பிறகு தெற்கு நோக்கி ஊர்ந்து, முட்டுக்காட்டுக் கழியில் கலந்து, கோவளத்து முகத்துவாரத்தில் கடலோடு ஐக்கியமாகிறது. அந்த முகத்துவாரத்துக்கு வெளியே, தாம்பரத்துத் தண்ணீருக்காக ஒரு மீன் காத்திருக்கிறது. அதன் பெயர் காலா.

காலா என்றால் நேயர்களில் சிலருக்குப் புரியாமல் போகலாம். புறநகர்க் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான். பம்பாய்க்காரர்கள் இதை 'ராவஸ்' என்பார்கள். சால்மன் என்ற பெயரைச் சூட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். தங்கள் தேசத்து ஆறுகளை நினைத்து ஏங்கியவர்களுக்கு, வெள்ளி போல் மின்னிய இந்த மீனைக் கண்டதும் சொந்தக்காரனைக் கண்டது போல் இருந்திருக்க வேண்டும்.

உண்மையில் சால்மனுக்கும் காலாவுக்கும் உறவு கிடையாது. சால்மன் குளிர்ந்த வட கடல்களுக்கு உரியது. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பி வருவது. அதன் சதை இளஞ்சிவப்பு. காலா வெப்பக் கடலில் கரையோரத்துச் சேற்றில் திரிவது. கழிமுகத்துக்கு வருவது வயிற்றுப்பாட்டுக்காகத்தான். இதன் சதை வெள்ளை. தவிர, காலாவின் மார்புத் துடுப்புகளின் கீழே பக்கத்துக்கு நான்காக நீண்ட இழைகள் தொங்கும். இதைப் பற்றிக் கருதித்தான் 1804-ல் ஷா என்ற ஆங்கில விஞ்ஞானி, 'நான்கு விரல் உள்ளது' என்று பொருள்படும் லத்தீன் பெயரை இதற்கு வைத்தார்.

வேடிக்கையைப் பாருங்கள். நம்முடைய 'கட்டுமரம்' என்ற சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு போய், உலகத்து அகராதிகளிலெல்லாம் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கட்டுமரத்தில் ஏறிப் பிடித்த மீனையோ நாம் அவர்கள் வைத்த பெயரால் அழைத்துக் கொண்டிருக்கிறோம்!

கோவளத்துக்குத் தாம்பரத்திலிருந்து போவது சிரமமல்ல. வண்டலூரில் கிழக்கே திரும்பிக் கேளம்பாக்கத்தை அடைந்தால், அப்பால் உப்பளங்களும் உப்பங்கழியும் இருபுறமும் விரிந்து கிடக்கின்றன. கொக்குகளும் நாரைகளும் தவம் செய்யும் அந்த நீர்ப்பரப்பைத் தாண்டினால் கோவளம். பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டையும் கொத்தளமுமாக இருந்த ஊர் இது. 1752-ல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து அந்தக் கோட்டையைப் பிடித்தான். இன்று கோட்டையின் பிரதாபத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை. தர்காவும் மாதா கோயிலும் அருகருகே நிற்க, அவற்றுக்கு முன்னால் மீனவர்களின் படகுகள் மணலில் வரிசையாகக் கிடக்கின்றன.

அந்தப் படகுகளில் ஒன்றில்தான் தை மாதத்து விடியற்காலை ஒன்றில் நாம் இடம் பெற்றோம். படகென்றால் பெரிய படகல்ல. இருவர் வேலை செய்ய, மூன்றாமவர் இடைஞ்சலாக உட்காரக்கூடிய சிறிய ஃபைபர் படகு. 2004 டிசம்பர் 26-ம் தேதி வந்த சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் இத்தகைய படகுகள் பெருகிவிட்டன. அதற்கு முன் கட்டுமரமே அரசாண்டது. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் தள்ளுவார்கள். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து உலர்த்துவார்கள். நூல்களும் வலைகளும் அந்தக் காலத்தில் பருத்தியால் ஆனவை. உப்பு நீரில் இற்றுப் போகாமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் அவற்றைத் தோய்ப்பது வழக்கம். இப்போது 'தங்கூசி' என்ற நைலான் நரம்பு வந்துவிட்டது. தோய்க்கும் வேலை இல்லை.

படகை ஓட்டிய பெரியவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய தூண்டில் சாமான்களைப் பார்த்தால் நேயர்கள் சிரித்து விடுவீர்கள். ஒரு மரத்துண்டில் சுற்றிய ஐம்பது பாகம் நரம்பு. (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி.) நுனியில் ஒரு சின்ன ஈயக் குண்டு, அதற்குக் கீழே ஒரு பாக நீளத்துக்குச் சற்றுத் தடித்த நரம்பு, கடைசியில் ஒரு முள். அவ்வளவுதான். கழி கிடையாது, சக்கரம் கிடையாது. தடித்த நரம்பு எதற்கு என்று கேட்டோம். "காலா வாயிலே அரம் வச்சிருக்குதுங்க ஐயா. மெல்லிசா இருந்தா தேய்ச்சே அறுத்துடும்" என்றார். காலாவின் பற்கள் மிகவும் நுண்ணியவை, ஆனால் நெருக்கமானவை.

முகத்துவாரத்துக்கு நேரே சுமார் நான்கு பாக ஆழத்தில் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு வெகு நேரம் சும்மாவே இருந்தார். உண்மையில் அவர் சும்மா இருக்கவில்லை என்பது பிறகுதான் நமக்கு விளங்கிற்று. ஓதம் இறங்கத் தொடங்குகிறதா என்று பார்த்தார். நம்முடைய கரையில் பெரிய ஓதத்திலும் கடல் மூன்று நான்கு அடிக்கு மேல் ஏறி இறங்குவதில்லை. அந்தச் சிறிய இறக்கத்திலேதான் கழியின் தண்ணீர் வெளியே ஓடி வருகிறது. வரும்போது இறாலையும் சிறு மடவையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. மழைக்காலத்து வெள்ளம் கழியில் வளர்ந்த இறாலைக் கடலுக்குத் தள்ளிவிடும் என்பது மீனவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த சங்கதி.

சற்று நேரத்தில் கழித் தண்ணீரின் பழுப்பு நிறமும் கடல் தண்ணீரின் பச்சை நிறமும் சந்திக்கும் இடம், கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. அதன் மேலே ஆலாப் பறவைகள் வட்டமிட்டு, தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்தன. "ஆலா இருக்கிற இடத்திலே காலா" என்று பெரியவர் மெல்லச் சொன்னார். ஆனால் கோட்டின் மேல் படகைக் கொண்டு போகவில்லை. நீரோட்டம் வரும் திசையில் தள்ளி நங்கூரத்தை இறக்கினார். இரை தானாகவே மிதந்து கோட்டைச் சேர வேண்டும்; படகின் நிழலும் ஓசையும் சேரக் கூடாது. இதுவே அவருடைய யுக்தி.

உயிருள்ள இறாலை வாலருகில் முள்ளில் கோத்து இறக்கினார். ஈயக் குண்டு தரையைத் தொட்டதும் ஆள்காட்டி விரலால் நரம்பை உணர்ந்து, "மணல்" என்று சொல்லி மேலே எடுத்தார். நாலு முழம் தள்ளி மறுபடியும் இறக்கி, "சேறு" என்றார். காலாவின் கண் மேல் கண்ணாடி போன்ற கொழுப்புத் திரை மூடியிருக்கிறது. கலங்கிய நீரில் கண்ணைக் காட்டிலும் அந்த நான்கு இழைகளே அதற்கு அதிகம் உதவுகின்றன. இருட்டறையில் நாம் கையால் துழாவுவது போல, அது இழைகளால் தரையைத் துழாவி இரை தேடும். ஆகவே இரை தரையை ஒட்டியே இருக்க வேண்டும்.

முதலில் ஒரு தட்டு. நாம் துள்ளி எழுந்தோம். பெரியவர் அசையவில்லை. மறுபடியும் ஒரு தட்டு. பிறகு நரம்பு சரேலென்று பக்கவாட்டில் ஓடிற்று. அப்போதுதான் கையை உயர்த்தினார். இருபது கஜத்துக்கு அப்பால் ஒரு வெள்ளித் தகடு தண்ணீரை விட்டு மேலே கிளம்பி, சூரியனில் பளிச்சிட்டு விழுந்தது. இழுத்தபோது விட்டார், நின்றபோது இழுத்தார், ஆனால் நரம்பைத் தொய்ய விடவே இல்லை. கை நீளத்துக்குச் சற்றுக் குறைந்த காலா ஒன்று சிறு வலையில் ஏறி, உடனே ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. தாமதித்தால் சதை தளர்ந்துவிடும்.

கனடா தேசத்தின் மேற்குக் கரையிலும் சிறிய படகுகளில் ஏறிக் கடலில் சால்மன் பிடிக்கிறார்கள். அங்கே பத்துப் பவுண்டு எடையுள்ள ஈயக் குண்டை உருளையில் சுற்றிய கம்பியில் ஆழத்துக்கு இறக்கி, பளபளக்கும் தகடுகளையும் ஹெர்ரிங் மீன் துண்டுகளையும் இழுத்துக்கொண்டே படகை மெதுவாக ஓட்டுவார்கள். ஆழத்தை அறிய மின்சாரக் கருவியும் உண்டு. நம் பெரியவருக்கு அந்தக் கருவிகளெல்லாம் ஓர் ஆள்காட்டி விரலில் அடங்கியிருக்கின்றன. எனினும் இருவருடைய வித்தையும் ஒன்றே: மீன் எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில், எந்த இரையைத் தேடும் என்று அறிந்து, அந்த இடத்தில் அந்த இரையை வைப்பது.

சந்தைக்கு வரும் காலாவில் பெரும் பகுதி தூண்டிலில் பிடிபட்டதல்ல, செவுள் வலையில் பிடிபட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே ஓர் அபாயம் இருக்கிறது. காலா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய மீன்களெல்லாம் தாய்மார்கள். பெரியவற்றையெல்லாம் வாரிவிட்டால் முட்டையிட ஆள் இராது. சிறு கண் வலையால் குஞ்சுகளை வாரினாலோ தாயாக வளர எதுவும் மிஞ்சாது. பெரிய முள்ளைக் கட்டும் தூண்டில்காரரிடம் குஞ்சுகள் எளிதில் சிக்குவதில்லை. நாளுக்கு நாலைந்து மீனுக்கு மேல் அவர் எடுப்பதும் அரிது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதித்திருப்பது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் தடை உத்தரவு தண்ணீரைச் சுத்தம் செய்யாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முன்பு இருந்ததில் சிறு பகுதியே இன்று மிஞ்சியிருக்கிறது. அதன் ஓரத்தில் பெருங்குடிக் குப்பை மேடு எழுந்தது. சுற்றிலும் கட்டடங்கள் முளைத்தன. 2015 டிசம்பரில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோதுதான், தண்ணீருக்கும் இடம் வேண்டும் என்பது நமக்கு உறைத்தது. 2022-ல் இச்சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 1,250 ஹெக்டேர் 'ராம்சார்' ஒப்பந்தத்தின்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. பட்டத்தைப் பெற்றாயிற்று, இனி அதைக் காப்பாற்ற வேண்டும். ஏரியில் விடும் சாக்கடை சதுப்பில் சேரும். சதுப்பில் சேர்ந்தது கால்வாயில் வரும். கால்வாயில் வந்தது இறாலைக் கொல்லும். இறால் இல்லாத முகத்துவாரத்துக்குக் காலா எதற்காக வரப் போகிறது? மீன் விலகிப் போனால் பெரிய படகுக்காரர் துரத்திக்கொண்டு ஆழ்கடலுக்குப் போவார். நான்கு பாகத் தண்ணீரையே நம்பியிருக்கும் சிறிய படகுக்காரர் எங்கே போவார்?

கரை திரும்பும்போது பெரியவர் நம்மைப் பார்த்து, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். தாம்பரம் என்றோம். "அப்படியா! உங்க ஊர்த் தண்ணிதான் நமக்குச் சோறு போடுது. நல்ல தண்ணியா அனுப்பச் சொல்லுங்க" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாம் அதைச் சிரித்துவிட்டு மறக்கக்கூடிய வார்த்தையாக எண்ணவில்லை.

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெரிய ஊருக்குப் பெரிய பொறுப்புகள் உண்டு. ஏரிக் கரையில் குப்பை கொட்டாமலிருப்பதும், வீட்டுச் சாக்கடை மழைநீர்க் கால்வாயில் கலக்காமல் பார்த்துக்கொள்வதும், கலந்தால் வார்டு அங்கத்தினரைக் கேட்பதும் நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடிய காரியங்களே. மீன் வாங்கும் வழக்கமுள்ள வீடுகளில் இன்னொரு காரியமும் செய்யலாம். செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அழுத்தினால் சதை மேலெழும்பும் மீனாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கை அளவுக் குஞ்சுகளை வேண்டாமென்று சொல்லுங்கள். கேட்கும்போது, "காலா இருக்கிறதா?" என்று அதன் சொந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.