நாகைக் கோபுரமும் சீனத்துப் போஜனமும்

நாகப்பட்டினம் போய்த் தஞ்சைக்குத் திரும்பிய அன்று இரவு, உடன் வந்த நண்பர், "இன்று சீனச் சாப்பாடு!" என்றார். இட்டிலியும் காப்பியும் மணக்கும் ஊரில் இது என்ன விபரீத ஆசை என்று முதலில் தோன்றியது. பகலில் நாங்கள் தேடிப்போன பொருளை எண்ணியதும், அவ்வளவு விபரீதமில்லை என்று சமாதானம் அடைந்தேன்.

நாகையில் நாங்கள் தேடியது ஒரு கோபுரம் இருந்த இடத்தை. வெள்ளைக்காரர் 'சீனக் கோபுரம்' என்று அழைத்த அந்த மூன்று நிலைச் செங்கல் கட்டடத்தை ஸர் வால்ட்டர் எலியட் 1846-ல் நேரில் கண்டார். பதினான்காம் நூற்றாண்டுச் சீன யாத்திரிகர் வாங் தாயுவான், 1267-ல் முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த கோபுரம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. 1867-ல் ஏசு சபைப் பாதிரிமார் சர்க்கார் அனுமதி பெற்று அதை இடித்துவிட்டார்கள். அத்தனை காலம் கடற்காற்றைத் தாங்கிய செங்கல், ஒரு காகித உத்தரவைத் தாங்கவில்லை. நினைத்தால் வயிறெரிகிறது.

சோழ நாட்டுத் தூதர்கள் 1015-ல் சீனச் சக்கரவர்த்திக்கு முத்துக்கள் கொண்டு போனார்கள்; 1077-ல் போனவர்கள் 72 பேர். அவர்களுக்கு அங்கே என்ன விருந்து படைத்தார்களோ, தெரியவில்லை! நம் அடுக்களையில் சீனச்சட்டியும் சீனியும் இன்றும் அந்தத் தேசத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஹோட்டலில் குளிர்ச்சியான கூடம், மங்கிய விளக்கு, வெள்ளை விரிப்பு. முதலில் வறுத்த சாதம் வந்தது. சீனாவில் யாங்ஜௌ நகரம் இதற்குப் பேர்போனது. முதல்நாள் வடித்து ஆறிய சாதந்தான் அதற்கு உகந்ததாம். அப்போதுதான் பருக்கை பருக்கையாக உதிரும். நம் வீட்டுப் பெண்மணிகள் மிஞ்சிய சாதத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவர்கள் காய்ந்த எண்ணெயில் போடுகிறார்கள். இரண்டும் நெல் விளையும் சீமையின் சிக்கனம். வட சீனாவிலோ கோதுமைதான் பிரதானம்.

அடுத்து வந்தது 'ஹக்கா நூடுல்ஸ்'. ஹக்கா என்பது பண்டமல்ல, ஜனங்கள். தென் சீனாவிலிருந்து கல்கத்தா வந்து, டாங்கிராவில் தோல் பதனிட்டுப் பிழைத்தவர்கள். பிறகு அங்கேயே போஜனசாலைகளும் வைத்தார்கள். 1962 யுத்தத்தின்போது இந்தியச் சீனர் சுமார் 3,000 பேரை, குழந்தை குட்டிகளோடு, ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைத்தோம். இங்கேயே பிறந்தவர்களும் அதில் உண்டு. விடுதலையான பின் பலர் கானடா முதலிய தேசங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பெயர் மட்டும் காவேரிக்கரை வரையில் வந்து, விலைப்பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

இதை நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, மெதுவாக, "தயிர் சாதம் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைத்தது.